பிரகாசி போட்ட அகரம்

பண்ணைப்புரம்,
தவசு காலம், 1891.

ஆண்டிபட்டியில் உபதேசியார் உத்தியோகம் பார்க்கும் கனம் பொருந்திய மச்சான் இருதயம் அவர்கள் சமுகத்துக்கு இஞ்ஞாசிமுத்து வணக்கமாய் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உங்கள் தங்கை மரியாயியும் மகள் பிரகாசியும் சுகம். கோழிகள் அளவுக்கு மிஞ்சிச் சுகம். காரணம் கீழே வரும்.

தவசு முடிந்து வரும் பாஸ்கு திருநாளுக்குள் பிரகாசி ஓர் அகரமாவது எழுதாவிட்டால், வண்டி கட்டி வந்து அவளைக் கூட்டிப்போய் உங்கள் வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பதாகச் சொல்லிப் போனீர்கள். இந்த வீட்டில் பேச்சுக்காரி அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் நானும் உங்கள் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று பயந்து நானே வாத்தியாரானேன். என் படிப்பு கடுதாசி எழுதுவதோடு நின்றது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அகரம் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது அல்லவா?

அரிசியில் எழுதவைத்தால் விசேஷம் என்றார்கள். அரிசிக்கு எங்கே போவது, கம்புத் தானியத்தைப் பரப்பினேன். நான் எழுதி நிமிர்வதற்குள் கோழி வந்து எழுத்தின் வாலைக் கொத்திக்கொண்டு போயிற்று; மகளோ மிச்சத்தைப் பார்த்து வாலில்லாமலே எழுதினாள். சரியென்று ஆற்றுமணலைக் கொண்டுவந்து பலகையில் கொட்டினால், பூனை அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தது. "பிள்ளைக்குப் படிப்பு வருதோ இல்லையோ, வீட்டுல கெடக்குற சீவனெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்துருச்சு" என்கிறாள் உங்கள் தங்கை. விரலைப் பிடித்து எழுதவைப்போம் என்றால், தொட்டதும் கூச்சம் தாங்காமல் உருண்டு உருண்டு சிரிக்கிறாள் மகள். கடைசியில் பலகையை நடுவில் வைத்து, நான் இந்தப் பக்கமும் அவள் எதிர்ப்பக்கமுமாய் உட்கார்ந்து, "ஆத்தா, அய்யா எழுதுறதப் பாரு, அப்புடியே எழுது" என்றேன். எழுதினாள் மச்சான்! சுழியும் வாலும் அச்சில் வார்த்தது போல. பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த சாமியார்கூட என் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெச்சி, மாதா சுரூபம் ஒன்று அவள் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாக.

ஆகையால் நீங்கள் மெனக்கெட்டு வண்டி கட்ட வேண்டாம். அத்தாட்சிக்கு, இந்தக் காகிதத்தை எனக்கு முன்னால் விரித்து, எதிரில் இருந்தபடி மகள் தன் கையாலேயே போட்ட அகரம் கீழே இருக்கிறது. பிசகு கண்டால் சொல்லுங்கள்.

அக்காளுக்கு எங்கள் தோத்திரம். உங்கள் வீட்டில் இறங்குகிற ஆசீர்வாதத்தில் மிச்சமிருந்தால் இங்கனயும் அனுப்பவும்.

அ

பின்குறிப்பு: இதை மடிக்கிற நேரத்தில் உங்கள் தங்கை முறத்தோடு வந்து, மணலில் எழுதிக்கொண்டிருந்த மகளுக்குப் பின்னால் நின்றாள். "இந்தாருங்க, எழுத்து ஏன் தலைகீழா நிக்குது?" என்றாள். நானும் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். நிற்பது வாஸ்தவம். எதிரில் இருப்பவருக்கு நேராகவும் தனக்குத் தலைகீழாகவும் எழுதப் பிள்ளையைப் பழக்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து திருத்தப் போனால், "நீங்க அங்கன போயி உக்காருங்கய்யா, அப்பத்தான் எனக்கு எழுத வரும்" என்று ஒரே பிடிவாதம். ஆகையால் வண்டி கட்டி வாருங்கள். அவளுக்கு எதிரில் உட்கார ஆள் வேண்டுமாதலால் எனக்கும் சேர்த்து இடம் வைக்கவும். கோழிகளைத் தான் பார்த்துக்கொள்வதாக உங்கள் தங்கை உத்தரவு கொடுத்துவிட்டாள்.