விசிறி தின்ற மான்

என் மகளின் டான்ஸ் உடையை மான் தின்றுவிட்டது. விஷயம் அவ்வளவுதான்.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசக்கூடாது.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் குடியிருந்தோம். எனக்கு மராமத்து இலாகாவில் வேலை. மகள் சுமதிக்கு மெட்ராசில் ஒரு நாட்டியப் பள்ளியில் சேர ஆசை. ஆடுகிற கோலத்தில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கப்பல். அதில் போட்டோ போகாவிட்டால் அடுத்தது எப்போது என்று கப்பலுக்கே தெரியாது. அதற்குள் பள்ளியில் இடம் நிரம்பிவிடும்.

"நாயர் ஸ்டுடியோவிலேயே எடுத்துடலாம்ப்பா" என்றாள் சுமதி.

அபர்தீன் பஜாரில் இருந்தது அந்த ஸ்டுடியோ. ஒரே ஒரு திரை. பனிமலை, ஏரி, ஏரியில் அன்னம். அன்னம் என்று நாயர் சொல்வார். வாத்துதான்.

"வாத்து முன்னாடி என் பொண்ணு ஆடுறதா? ராஸ் தீவுக்குப் போறோம்!"

அங்கே வெள்ளைக்காரன் விட்டுப்போன சர்ச் ஒன்று உண்டு. கூரை கிடையாது. ஆலமர வேர் இறங்கிக் கல்சுவரைக் கட்டிப்பிடித்திருக்கும். கட்டடம் பார்க்கிற கண் எனக்கு மட்டும்தான் உண்டு என்று அப்போது ஒரு நினைப்பு.

திட்டம் போட்டேன். முதலில் விசிறி. டான்ஸ் உடையில் முன்பக்கம் விரியுமே, அந்த மடிப்பு. இந்த ஊர் ஈரக்காற்றில் அது வாடிய கீரை மாதிரி தொங்கும்.

"கஞ்சியைக் கெட்டியாப் போடு. பலகை மாதிரி நிக்கணும்" என்றேன் சம்சாரத்திடம்.

"இதுக்கு மேல கெட்டின்னா அது கஞ்சி இல்லீங்க, சோறு."

"போடுன்னா போடு!"

அடுத்து மான். ராஸில் மான் நிறைய. படத்தின் ஓரத்தில் ஒன்று நின்றால் எப்படி இருக்கும்! ஒரு தார் வாழைப்பழம் வாங்கினேன். கடைசியாகப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். நாயர் வற்புறுத்தினால் நானும் ஒரு ஓரமாக நிற்கலாமே.

தோணியில் ஏறும்போது நாயர் சொன்னார். "சாரே, இந்தக் கப்பல்லயும் ஃபிலிம் வந்நில்லா. ரெண்டே படம் பாக்கி."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதும்" என்றேன்.

வாய்!

போய் இறங்கினோம். பழத்தைப் பரப்பினேன். ஒரு மான் வந்தது. என்ன அழகு! பின்னாலேயே அதன் குடும்பம் வந்தது. அப்புறம் சம்பந்தி வீடு வந்தது. பழம் காலி. தோலும் காலி.

சுமதி சர்ச் வளைவுக்குக் கீழே அரைமண்டியில் கை விரித்து நின்றாள்.

"அப்பா, பின்னாடி யாரோ இழுக்குறாங்க."

"அசையாதே!"

"பூவைத் திங்குதுப்பா!"

"கனகாம்பரம்தானே, திங்கட்டும். நீ சிரி!"

"மான் நல்லா வருது சாரே" என்றார் நாயர், கேமராவில் குனிந்தபடி.

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல வரட்டும்" என்றேன் நான்.

வந்தது. விசிறியை முகர்ந்தது. சோற்றுக்கஞ்சி வாசனை. வாயை வைத்தது. டர்ர்ர்!

சுமதி துள்ளினாள். நாயர் பதறிப்போய்ப் பட்டனை அமுக்கினார்.

"படத்துல என்னய்யா விழுந்தது?"

"மானின்டெ பின்பக்கம், சாரே."

குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வெற்றிலை போட்டவன் மாதிரி, அது விசிறியை மென்றுகொண்டே நிதானமாக நடந்தது.

சுமதி குனிந்து பார்த்தாள். முன்பக்கம் வெறும் கிழிசல். கண் நிறைந்துவிட்டது. "கப்பல் நாளைக்குப்பா. உங்க மானுக்கு வாத்தே தேவலை."

நாயரைத் திட்டினேன். மானைத் திட்டினேன். இங்கே மானைக் கொண்டுவந்து விட்ட வெள்ளைக்காரனையும் திட்டினேன்.

கரையிலிருந்து தோணிக்காரன் கத்தினான். "சாப், ஜல்தி! பானி உத்தர் ரஹா ஹை!" தண்ணீர் வடிகிறது. விட்டால் தோணி தரைதட்டிவிடும்.

அதுவரை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்த சம்சாரம் எழுந்து வந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள். முகத்தை அல்ல. வேட்டியை.

"அவுருங்க."

"என்னடி இது! நாயர் இருக்கார்!"

"அவர் அந்தப் பக்கம் திரும்பிக்குவார். அவுருங்க."

"பொண்ணு இருக்காடி!"

"பொண்ணுக்காகத்தாங்க கேக்குறேன்."

சுவருக்குப் பின்னால் போய், அங்கிருந்து வேட்டியை நீட்டினேன். மடியில் போட்டு மடமடவென்று மடித்தாள். ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு மகள் இடுப்பில் வரிசையாகக் குத்தினாள். சரிகைக்கரை விசிறியாக விரிந்தது.

நான் வேர்களுக்கு நடுவே பட்டாபட்டி நிஜாரோடு நின்றேன். ஒரு மான் வந்து பார்த்தது. பழம் இருக்கா என்கிற பார்வை.

"போ" என்றேன். போகவில்லை.

அந்தப் பக்கம் "சிரிம்மா" என்று நாயர் குரல். கிளிக்.

வேட்டி ஊக்கு ஓட்டைகளோடு திரும்பி வந்தது. போட்டோ கப்பலில் போனது. சுமதிக்கு இடம் கிடைத்தது.

அந்தப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அபாரமான இடம்! யார் பார்த்தது?"

"நான்."

"அந்த வளைவுக்குக் கீழ நிக்க வெச்சது?"

"நான்தான்."

"விசிறி பிரமாதம்! அது யார் வேலை?"

அப்போதுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் சம்சாரத்தின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரகதம்.