இரவல் கோஸ்

“ஏங்க, அந்த லெட்டர மலாய் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து வாசிச்சுக் கேளுங்க லா,” என்றாள் நீலாவதி.

“என்னத்த வாசிக்கிறது? புதன்கிழம, பத்து மணி. நம்பர் தெரியுதுல்ல? விவசாய ஆபிசர் வந்து தோட்டத்தப் பாத்துட்டு விதையும் பாஜாவும் சும்மா குடுக்கப் போறாரு. பிரிஞ்சாங் ஊரு பூரா இதான் பேச்சு.” பக்கிரிசாமி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கொடுக்கட்டும். பார்ப்பதற்குத் தோட்டம் வேண்டுமே! எழுபத்தெட்டாம் வருஷத்து நவம்பர் மழை ஒன்பது நாள் விடாமல் பெய்து, கியா பார்ம் கீழ்ச்சரிவில் அவர் போட்டிருந்த முட்டைக்கோஸை அழுக அடித்திருந்தது. விதையும் உரமும் கிடைக்காவிட்டால் அடுத்த நடவு இல்லை. நடவு இல்லையென்றால், “இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்த தேயிலை எஸ்டேட்டுக்கே திரும்பி, அதே கங்காணி முன்னால் தலையைச் சொறிய வேண்டும்.

எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பெரிய துரை பார்வையிட வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். காய்ச்சல்காரனைக்கூடக் குளிப்பாட்டி நிறுத்துவார்கள். குறையைக் காட்டிப் பிழைத்தவன் எவனும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அழுகலையெல்லாம் பிடுங்கிப் புதைத்தார். தோட்டம் மொட்டையாயிற்று.

“முன்னாடி அழுகினதாவது இருந்துச்சு,” என்றாள் நீலாவதி.

மேட்டு நிலத்துச் சிவசாமியிடம் போனார். அங்கே கோஸ் மழைக்குத் தப்பி, மறுநாள் சாயங்காலம் லோரி ஏறக் காத்திருந்தது.

“எல்லாத்தையும் ஒரு நாளைக்கு இரவல் குடு சிவசாமி. எப்படியும் வெட்டத்தானே போற? ஒண்ணு கொறையாம கொண்டாந்துடறேன்.”

“எடுத்துக்குங்கண்ணே. எங்க மேட்டுப் பக்கம் ஒருத்தருக்கும் லெட்டர் வரல.”

புதன் காலை முந்நூறு கோஸும் வரிசை பிடித்து மண்ணில் உட்கார்ந்தன. ஒன்பது நாள் ஒளிந்திருந்த வெயில் அன்றைக்கென்று பல்லைக் காட்டியது. வேரில்லாத கோஸ் வாடத் தொடங்கியது. தண்ணீர் தெளித்தார். மண் இளகி, கோஸ்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டன. நீலாவதி ஓடி ஓடிப் பொறுக்கிவர, இவர் ஒவ்வொன்றுக்கும் அடியில் குச்சி குத்தி நிறுத்தினார்.

பத்து மணிக்கு ஆபிசர் வந்தார். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். குனிந்து ஒரு கோஸைத் தட்டினார். பக்கிரிசாமிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“பாகுஸ்! பாகுஸ்!” என்று மெச்சி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஆபிசர். பிறகு தாளில் பக்கிரிசாமியின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போனார்.

“பாத்தியா புள்ள? நம்ம பேரு மேலயே போட்டுட்டாரு!”

இருபத்தாறு வருஷத்தில் ஒரு துரையும் அவர் கையைத் தொட்டதில்லை. பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அவர் கோஸைத் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, சிவசாமியின் மனைவி பவளம் மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

“கோச நீங்களே வச்சுக்குங்கண்ணே! மழையில அழிஞ்ச தோட்டத்துக்குத்தானாம் உதவி. எங்க மொட்டத் தோட்டத்தப் பாத்துட்டு, அந்த ஆபிசரு அழாத கொறையா எங்க பேர எழுதிக்கிட்டுப் போனாரு!”