மயூரவேணியும் ஒரு மடக்குக் கஷாயமும்

குழந்தைக்குப் பெயர் வைக்கிறவன் நட்சத்திரம் பார்ப்பான், இல்லையென்றால் குலசாமியைப் பார்ப்பான். தொடர்கதையைப் பார்த்துப் பெயர் வைக்கிறவன் 'முற்றும்' போடும் வரையாவது பொறுத்திருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்தபோது வாசலில் பந்தல் போட்டு, பிரியாணி அண்டாவை இறக்கியாகிவிட்டது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் அப்போது வந்துகொண்டிருந்த தொடர்கதையின் நாயகி பெயர் மயூரவேணி. அப்படி ஒரு பெயரை எங்கள் பக்கம் யாரும் கேட்டதே இல்லை. புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறினால் கேட் வரும்வரை நான்தான் கதை சொல்வேன். டிரைவர்கூட ரேடியோவை அணைத்துவிடுவார். (கம்பெனியில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.)

என் மனைவி மாசமாக இருந்தாள். பெண் பிறந்தால் மயூரவேணிதான் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். என் அம்மாவுக்கோ, தன்னைப் பெற்றவள் பெயரான குப்பம்மாவைத்தான் வைக்க வேண்டும்.

"இன்னா பேருடா இது, வாயில நொழையவே மாட்டேங்குது" என்றாள்.

அம்மாவை மடக்க ஒரு வழிதான் இருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் மயூரவேணியின் அருமை பெருமைகளை எடுத்துவிட்டேன். கதையில் அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. பெற்ற மகள்களே எட்டிப் பார்க்காதபோது, மருமகள் மயூரவேணி தினமும் தன் கையால் கஷாயம் வைத்து, ஆற்றி, ஊட்டிவிடுவாள். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் தழுதழுக்கவும் செய்வேன். அம்மா மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். பெண் பிறந்ததும் "மாமியாளை இப்டி பாத்துக்கிறவ பேரு, வச்சா தப்பில்ல" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெயர் வைக்கும் நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி குழந்தையின் காதில் அத்தைதான் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை என்றால் மீஞ்சூரில் இருக்கும் என் அக்கா. அவளும் அந்தக் கதைக்குப் பைத்தியம். அன்றைக்குத்தான் புது இதழ் வரும் நாள். தொட்டில் கட்டும் அவசரத்தில் நான் வாங்கவில்லை. அக்கா மீஞ்சூர் ஸ்டேஷனில் வாங்கி, ரயிலிலேயே படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து முகமே சரியில்லை. மாமாவோடு சண்டை போலிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

பஸ் நண்பர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்கா தொட்டிலுக்குள் குனிந்தாள். குழந்தையைப் பார்த்தாள். நிமிர்ந்துவிட்டாள்.

"தம்பி, இந்த வாரம் படிச்சியா?"

"இல்லக்கா. நீ பேரைச் சொல்லு."

"எப்டிடா சொல்றது? தெனம் அந்தக் கஷாயத்துல வெஷம் கலந்துகினு இருந்தவளே அவதான். மாமியா செத்துட்டா."

எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தார்கள், அம்மா என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'தொடரும்' என்று இருந்தது. போன உயிர் வந்தது.

"அடுத்த வாரம் எல்லாம் கனவுன்னு வந்துடும். ஒரு வாரம் தள்ளி வச்சிக்கலாமா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டேன். (ஆமாம், கேட்டேன். பின்னால் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அவர்கள் எனக்குத் திருப்பிச் சொன்ன வாக்கியம் இது.)

அம்மா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். குப்பம்மா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்போதுதான், அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த என் மனைவி பேசினாள். மணவாள நகர்ப் பெண், மாமியாரை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள்.

"வயித்துல இருந்தப்பலேந்து அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்ட்டுகினு இருக்கேன், அத்தை. இவளுக்கு வேற பேரு எனக்குத் தெரியாது" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அம்மா வாசற்படியில் நின்றாள். மருமகள் அழுது அவள் பார்த்ததில்லை.

"சரி வை. ஆனா இந்தப் பொண்ணு எனக்கு எது காச்சிக் குடுத்தாலும், மொதல் மடக்கு அவங்கப்பன் குடிக்கணும்."

அக்கா மூன்று முறை பெயரைச் சொன்னாள். அடுத்த வாரம் கனவெல்லாம் வரவில்லை, மயூரவேணி ஜெயிலுக்குப் போனாள்.

ஆனாலும் பெயர் பரவிவிட்டது. எங்கள் பஸ்ஸில் மட்டும் நாலைந்து பேர் பெண்ணுக்கு அதையே வைத்தார்கள். அங்கன்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சர், இது ஏதோ இந்த ஊர் அம்மன் பெயர் போலிருக்கிறது என்று கோயிலுக்கு வழி விசாரித்தாராம். எங்கள் பஸ்ஸில் வந்த எல்லையோரத்துத் தெலுங்குக்காரர் ரமணய்யா, விஷம் வெளியாவதற்கு முன்பே வேலையை விட்டு ஆந்திரா பக்கம் போய், தன் பெண்ணுக்கும் இந்தப் பெயரை வைத்தவர், இன்றும் போன் செய்வார். "நல்ல பேரு குட்த்த நைனா, பொண்ணை அவ மாமியாகாரி தலையில வச்சிகினு கொண்டாடறா." அவருக்கு முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. என் பெண் வளர்ந்து, ஆயாவின் இருமலுக்குச் சுக்குக் கஷாயம் வைக்க ஆரம்பித்தாள். அம்மா டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருப்பாள். நான் ஒரு மடக்குக் குடித்து, சாகாமல் நின்ற பிறகுதான் குடிப்பாள். வேறு யார் கஷாயம் வைத்தாலும் தொடமாட்டாள். "மயூரவேணி வக்கட்டும்" என்பாள். பெயர் வாயில் நன்றாகவே நுழைந்தது.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். முதல் படையலுக்கு எல்லாம் வைத்த பிறகு, பெண் ஒரு டம்ளர் சுக்குக் கஷாயத்தைக் கொண்டுவந்து நேராக என்னிடம் நீட்டினாள். படையலுக்கு வைப்பதை எச்சில் பண்ணக்கூடாது என்று அக்கா பதறிப்போனாள்.

"அப்பா குடிக்காம ஆயா குடிக்காது, அத்தை" என்றாள் என் பெண்.

அக்கா அம்மாவின் படத்தைப் பார்த்தாள். நான் ஒரு மடக்குக் குடித்தேன். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. டம்ளரை அம்மா முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல் அவள் பார்க்கிற மாதிரி சிறிது நேரம் நின்றேன்.