பாப்பாவின் வீடியோவும் ஒன்றும் தெரியாது என்கிற கணினியும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் லியோடானுக்கு,

கிபாராவிலிருந்து உன் தங்கை மாயெலின் எழுதுவது. கீத்தோ நகரத்துக் குளிரில் நீயும் அண்ணியும் பாப்பாவும் கனத்த உடுப்போடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் கோப்ரே மாதாவிடம் முறையிடுகிறாள். இங்கே அம்மாவின் முழங்கால் நீ போகும்போது இருந்த மாதிரியே இருக்கிறது. கோழிகள் முட்டையிடுகின்றன. கடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ இங்கே விட்டுப்போன கணினியின் சுகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் அம்மா என்னை மேசை முன்னால் உட்கார வைத்துவிட்டு, எதிரே ஆடுநாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் இதில் கோபமாக வரும் இடங்கள் அவளுடையவை, மற்றவை என்னுடையவை என்று பிரித்து எடுத்துக்கொள். கையால் எழுதுகிறேனே என்று பார்க்காதே. உன் கணினிக்கும் பிரிண்டருக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

துணி வாங்கி விற்க அங்கே வந்துபோகும் நெரெய்டா அக்காவிடம் நீ கொடுத்தனுப்பிய பென் டிரைவ் பத்திரமாக வந்து சேர்ந்தது. 'இதில் பாப்பாவின் வீடியோ இருக்கிறது, அம்மாவுக்குக் காட்டு' என்று நீ துண்டுச் சீட்டில் எழுதியிருந்ததை நான் சத்தமாகப் படித்ததுதான் என் தப்பு. படித்து முடிப்பதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று நாள் குறித்தாள் அம்மா. குளித்து, பவுடர் போட்டு, மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தாள். "இதென்னம்மா, பாப்பாவா உன்னைப் பாக்கப் போவுது?" என்றதற்கு, "மொதமொதல்ல பேத்தி மொகத்துல முழிக்கிறேன், கசங்கின சட்டையோடவா உக்காருவேன்?" என்றாள். பக்கத்து வீட்டார் அவரவர் நாற்காலியோடு வந்தார்கள். காபி வடித்து ஒரு சுற்று கொடுத்தாயிற்று. நான் கணினியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி இறங்கின. எதிர்வீட்டு கரிதாத் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். "வேற வீட்டுல எல்லாம் போட்ட உடனே பூவும் மலையும் வருது, இங்க மட்டும் எழவு வீடு மாதிரி இருட்டா வருதே" என்றாள். நான் என் பெயரைத் தட்டி, கடவுச்சொல்லைத் தட்டி, நீ சொல்லிக்கொடுத்த கட்டளையையும் தட்டி, ஒருவழியாக ஜன்னல்கள் வந்து, வீடியோவைத் திறந்தேன். இந்த வகைக் கோப்பை எனக்குத் தெரியாது என்று கணினி ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

"என்னடி சொல்லுது?" என்றாள் அம்மா.

"தெரியாதுன்னு சொல்லுதும்மா."

"என் பேத்தியையா தெரியாதுங்குது?"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? கறுப்புத் திரைக்குப் போய் மறுபடி திறந்து பார்த்தால், இன்ன பெயருள்ள ஒரு கோப்பு இல்லாமல் முடியாது என்று எழுதிக் காட்டியது. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒல்கின் நகரத்துக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் எயூதிஸ் கையில் கொடுத்து, அங்கே வேலையிடத்தில் இன்டர்நெட் வைத்திருக்கும் உன் நண்பன் பார்பரோவுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிறுக்குள் பார்பரோ அதைப் பென் டிரைவில் போட்டு அதே பஸ்ஸில் அனுப்பிவிட்டான். ஒரு கட்டளை தட்டினேன். கண் சிமிட்டும் நேரத்தில் ஏறிவிட்டது. உன் கணினி கேள்வி கேட்காது, எச்சரிக்காது, ஏன் எதற்கு என்று விசாரிக்காது, சொன்னதைச் செய்யும். எனக்கு அந்த நேரத்தில் அதன் மேல் எவ்வளவு பாசம் வந்தது தெரியுமா? மறுபடி மஞ்சள் சட்டை, மறுபடி நாற்காலிகள், மறுபடி காபி. வீடியோவைத் திறந்தால், இப்போது வேறொரு கோப்பு இல்லையாம். முந்தின வாரமே சேர்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். விண்டோஸுக்குப் பதிலாக இதில் போட்டிருக்கும் ஸ்லாக்வேர் மனிதனை மதிக்கிறது, அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறது என்று நீ பெருமையாகச் சொல்வாயே. அண்ணா, எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பாப்பாவைப் பார்க்க வேண்டும். அதற்கு எது எது வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

இப்படியே ஞாயிறு ஞாயிறாகப் போகிறது. ஒரு தடவை பார்பரோ அனுப்பியது புது மாதிரிக் கணினிக்கான கோப்பு, நம்முடைய கிழத்துக்குள் நுழையவில்லை. ஒரு தடவை எயூதிஸ் பென் டிரைவைக் கால்சட்டைப் பையில் மறந்துவிட, அவன் மனைவி அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்த துணியோடு மரியாதையாகக் கொடுத்தனுப்பினாள். ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்தது, கரண்ட் போய்விட்டது. தெருக்காரர்கள் இப்போது வீடியோவை எதிர்பார்த்து வருவதில்லை. டோமினோ ஆட வருகிறார்கள். நடுவில் தலையைத் தூக்கி, "இன்னிக்கு எந்தக் கோப்பு இல்லையாம்?" என்று கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். கடலைக்காரர் நம் வாசலிலேயே நின்று வியாபாரம் செய்கிறார். அம்மா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மஞ்சள் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள்.

எதிர்ச்சாரி சொரைடாவின் மகன் ஒஸ்மெலை உனக்குத் தெரியும். அவனும் தவறாமல் வந்து, என்னைக் காட்டி அம்மாவிடம் சொல்கிறான்: "இந்த வாயில்லாப் பூச்சியும் அந்த வாயில்லாப் பெட்டியும் நல்ல ஜோடிதான். அத்தே, ஒரு மதியம் என்கிட்ட விடு. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போட்டுடறேன். படம் தன்னால ஓடும், பாட்டு தன்னால பாடும்."

"அதுக்கு வைரஸும் தன்னால வரும்" என்று நினைத்துக்கொண்டேன். அவன் கணினிக்குள் போன எந்தப் பென் டிரைவும் நல்ல புத்தியோடு திரும்பியதில்லை.

அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நீ கேட்பாய். கரிதாத் அத்தையும் அதைத்தான் கேட்டாள். நீ விமானம் ஏறிய அன்றைக்கு சொரைடா நம் வேலியோரம் வந்து நின்று, "போன பிள்ளை போனதுதான், இனிமே உனக்குப் போட்டோ மட்டும்தான் வரும்" என்று சொன்னாள் அல்லவா, அன்றிலிருந்து அம்மா அந்தப் பக்கம் தலை திருப்புவதில்லை. "அவ வீட்டுப் படி ஏறி நின்னு என் பேத்தியப் பாக்கணுமா? அதுக்கு நான் குருடியாவே இருந்துட்டுப் போறேன்" என்கிறாள். ஒஸ்மெல் நம் வீட்டுக்கு வரலாம், கருப்பு பீன்ஸும் சோறும் ரெண்டு தட்டு சாப்பிடலாம், அதில் தகராறு இல்லை. அவனைப் பெற்றவளோடுதான் சண்டை.

ஆகையால் இப்போது முடிவாகிவிட்டது. வருகிற ஞாயிறு ஒஸ்மெல் தன் டிஸ்க்கோடு வந்து உன் ஸ்லாக்வேரைத் துடைத்தெடுக்கப் போகிறான். கணினி உன்னுடையது என்பதால் உன் அனுமதி கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா. "கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள ஞாயிறு வந்துடுமேம்மா" என்றேன். "அது அதோட வேலையப் பாக்கட்டும். கேட்டேன்னு ஆகணுமில்ல" என்றாள்.

அம்மா பீன்ஸைக் கிளற அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அதற்குள் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

அழிக்க வேண்டாம் என்று எனக்கு இருக்கிறது. உன் கணினியில் எல்லா அமைப்பும் திறந்து படிக்கிற மாதிரி வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நீ இருக்கிறாய். திரை அளவைச் சொல்லும் கோப்பில், 'மாயெலின், இந்த வரியைத் தொடாதே. தொட்டுவிட்டாயா? சரி, அழாதே, பழைய வரி கீழே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாய். இன்னொன்றில், 'இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது. கும்பிட்டுவிட்டுக் கடந்து போ.' வேறொன்றில், 'மழை. அம்மா மீன் பொரிக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அம்மாவின் காலுக்காக நான் பள்ளியை விட்ட பிறகு, ரொட்டி வரிசையில் நின்றுவிட்டு வந்தால் என்னோடு பேச வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஏதாவது ஒரு கோப்பைத் திறப்பேன். உன் கடிதங்களில் நீ 'எல்லோரும் நலமா' என்று கேட்கிறாய். அந்தக் கோப்புகளில்தான் என்னைத் திட்டுகிறாய். சிலவற்றை இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறேன். தீர்ந்துபோய்விடக் கூடாது.

"வேணும்னா அதையெல்லாம் காப்பி எடுத்துத் தரேன்" என்கிறான் ஒஸ்மெல். எடுக்கலாம்தான். ஆனால் அவன் போடும் சிஸ்டத்தில் அந்த வரிகளுக்கு வேலை கிடையாது. செத்தவர் சட்டையைப் பெட்டியில் மடித்து வைப்பது மாதிரி வைக்கலாம். இங்கே நான் ஒவ்வொரு தடவை அதைப் போடும்போதும் நீ எழுதிய வரிகள் மேலிருந்து கீழே ஓடி, வேலையை முடித்துக்கொண்டு வருகின்றன. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவளுக்குப் பேத்தி வேண்டும். அது நியாயம்தான்.

அம்மா வந்துவிட்டாள். இனி வீடியோ அனுப்பினால் பழைய வகையில், எந்தக் கிழட்டுக் கணினிக்கும் புரிகிற வகையில் அனுப்பவும். அழித்ததற்காக எங்களை மன்னிக்கவும். பாப்பாவுக்கு வயிறு நிறையப் பாலும் வாய் நிறையச் சிரிப்பும், அண்ணிக்குத் தூக்கமும், உனக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும் என்று அம்மா தன் இரண்டு கையையும் உன் தலைமேல் வைத்ததாக எண்ணிக்கொள்ளச் சொல்கிறாள். உன் தலைக்கு அவள் கை எட்டாமல் போய் ரொம்ப நாளாகிறது என்றும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உன் தங்கை,
மாயெலின்

பின்குறிப்பு: நெரெய்டா அக்காவின் பயணம் தள்ளிப்போனதால் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் அந்த ஞாயிறு வந்து போய்விட்டது. ஆகவே மேலே எழுதியதில் ஒன்றையும் பொருட்படுத்தாதே.

ஒஸ்மெல் டிஸ்க்கோடு வந்துவிட்டான். அன்று காலை பஸ்ஸில் பார்பரோவிடமிருந்து இன்னொரு கோப்பும் வந்திருந்தது. "ஒரே ஒரு தடவம்மா" என்றேன். "போடு, போடு. தூக்குல தொங்கப்போறவனுக்கே கடைசி ஆசை உண்டு" என்றான் ஒஸ்மெல். ஏற்றினேன். திறந்தேன். ஓடியது! டோமினோக் கட்டைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கு இன்னொரு கோப்பு வேண்டுமாம்.

ஆனால் திரையில் பாப்பா இல்லை. நீ இருந்தாய். 'ஸ்லாக்வேரின் இதயமான கெர்னலை நாமே தயார் செய்வது எப்படி, முதல் பகுதி' என்று தலைப்பு. மேசை முன்னால் உட்கார்ந்து, உனக்குப் பின்னால் தெரியும் கறுப்புத் திரையைக் காட்டிக் காட்டி என்னவோ பேசிக்கொண்டிருந்தாய். கோப்பை மாற்றிப் போட்டு அனுப்பியிருக்கிறாய், அண்ணா! ஒஸ்மெல் சிரித்த சிரிப்பில் அவன் காபி பூராவும் அந்த டிஸ்க்கின் மேலேயே கொட்டியது.

அம்மா சிரிக்கவில்லை. "மெலிஞ்சுட்டான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னடி பேசறான்?" என்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உன் பின்னால் ஓடிய எழுத்துகளைப் பார்த்து நானே சொல்ல ஆரம்பித்தேன். "இப்ப, தேவையில்லாதத எல்லாம் எடுத்துடுங்கன்னு சொல்றான். இப்ப, இதுக்கு நேரமாகும், போய்க் காபி குடிச்சுட்டு வாங்கங்கிறான்." "சர்க்கரை ஜாஸ்தி போட்டுக்குவானே" என்றாள் அம்மா. ஒருவரும் எழுந்து போகவில்லை.

பாதியில் நீ பேச்சை நிறுத்தித் தலையைத் திருப்பினாய். எழுந்து போய்விட்டாய். காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. படம் நின்றுவிட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு திரும்பி வந்தாய், தோளில் பாப்பா. ஒரு கையால் முதுகைத் தட்டிக்கொண்டே மறு கையால் கட்டளையைத் தட்டிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாய். அவளுடைய பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரைக்கு அருகே போனாள். "ரெட்டைச் சுழி. யார் பேச்சும் கேக்க மாட்டா" என்றாள். விரலால் அந்தச் சுழியைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். சொரைடா நம் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. அம்மா திரும்பாமலே, "அங்கேருந்து பாத்தா சுழி தெரியாது, சொரைடா. உள்ள வந்து உக்காரு" என்றாள். அவளும் வந்து உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்கள். கரிதாத் அத்தைக்கு இப்போது கெர்னலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

டிஸ்க்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஒஸ்மெல் போய்விட்டான். அழிப்பதைப் பற்றி அம்மா பேச்சே எடுக்கவில்லை. சத்தத்துக்கான கோப்புக்குப் பார்பரோவிடம் சொல்லியிருக்கிறேன். பாப்பாவின் வீடியோவை நிதானமாக அனுப்பலாமாம். "காட்டறதுக்குன்னு எடுத்த படத்துல எல்லாக் குழந்தையும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்" என்கிறாள் அம்மா. கெர்னல் பாடத்தின் இரண்டாம் பகுதியைத்தான் உடனே அனுப்பச் சொல்கிறாள். அதற்குள் பாப்பா இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பாளாம்.