கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பவர்

பிரிவுப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், கல்யாண மண்டபத்தில், மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும். படகேறிப் போன காதலியை நினைத்துக் கரையில் நிற்பவன் பாடுகிற அந்தப் பழைய பாட்டு உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்கும் தெரியும். அது தொடங்கியதும் இதன் கண் மூடும், தலை சாயும், வலது கை அக்கம்பக்கத்துப் பேச்சையெல்லாம் அடக்கும், மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு புறப்படும். இப்படி ஒருவர் கடற்கரையில் நின்று விட்ட பெருமூச்சில் கடலூர்த் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். நம்பாவிட்டால் போங்கள்.

அவர் மஞ்சக்குப்பம் நடனசபாபதி. சரி, அவர் பறிகொடுத்த காதலி யார்?

யாருமில்லை.

அதுதான் இந்த இனத்தின் சிறப்பு. மாமன் மகள் அமராவதி தொட்டிலில் கிடக்கும்போதே அவருக்கென்று பேசி, பிறகு திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் வைத்துக் கட்டியும் கொடுத்துவிட்டார்கள். பாவம், ஒருத்தியைப் பறிகொடுக்க அவருக்கு அவகாசம் ஏது? ஆனால் பாட்டு விடுகிறதா? கேட்கக் கேட்கக் கரை வந்தது, படகு வந்தது, நீலத் தாவணியில் ஒருத்தியும் வந்து அதில் ஏறிப் போய்விட்டாள். அன்று முதல் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாடகரின் காதில் அந்தப் பாட்டைச் சொல்லிவிட்டு வந்துதான் உட்காருவார்.

“யாரு மாமா அது?” என்று அமராவதி ஆரம்பத்தில் கேட்டதுண்டு.

“பாட்டக் கேளு புள்ள” என்பார். இல்லாதவளைப் பற்றி வேறென்ன சொல்வது?

போன வைகாசியில் சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. பஸ்ஸில் போகும்போதே அமராவதி சொன்னாள்.

“இன்னிக்கு அந்தப் பாட்டு வேணாம் மாமா.”

“ஏன் புள்ள?”

“வேற எந்த ஊர்ல வேணாலும் கேளுங்க. சிதம்பரத்துல மட்டும் வேணாம்.”

பொறாமை! நடனசபாபதிக்கு உச்சி குளிர்ந்தது. நீலத் தாவணிக்காரிக்கு ஒருவழியாக ஒரு மரியாதை கிடைத்துவிட்டதே. கல்யாணத்துக்கு முன் அமராவதி படித்தது சிதம்பரத்தில் என்பது அவர் நினைவுக்கு வரவே இல்லை. பிறர் கதை எதுவும் இந்த இனத்தின் ஞாபகத்தில் தங்காது. மண்டபத்தில் நுழைந்தவர் நேரே மேடைக்குப் போனார்.

பாட்டு தொடங்கியது. கண் மூடியது. தலை சாய்ந்தது. பெருமூச்சுக்காகக் காற்றை உள்ளே இழுக்கும் நேரம் பார்த்து போட்டோக்காரர் தோளைத் தட்டினார்.

“சார், கொஞ்சம் கண்ணத் தொறங்க. எடுத்த அத்தினி போட்டோவுலயும் தூங்குற மாரியே இருக்கீங்க.”

திறந்தார். மண்டபத்தில் இருப்பவர்களை அப்படியே பெரிதாக்கிக் காட்டும் திரையில், ஓர் ஆள் உயரத்துக்கு அமராவதியின் முகம். இரண்டு கன்னங்களும் நனைந்திருந்தன.

பக்கத்து நாற்காலிக்குக் குனிந்தார். “என்னா புள்ள, எனக்காவவா அழுவுற?”

“உங்களுக்காவ எதுக்கு மாமா அழுவணும்? உங்களுக்கு என்னா கொறச்சல்?”

“பின்ன யாருக்கு?”

அமராவதி திரும்பவில்லை. வலது கையை லேசாக உயர்த்தி அவரை அடக்கினாள்.

“பாட்டக் கேளுங்க மாமா.”

அன்று பந்தியில் நடனசபாபதி பாயசத்தைத் தொடவில்லை. திரும்பி வரும்போது, ஆலப்பாக்கம் தாண்டியும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நீலத் தாவணிக்காரி அதோடு சரி, மறுபடி கரைப்பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை. இப்போதும் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடையோரம் முதலில் ஓடுவது நடனசபாபதிதான். குத்துப்பாட்டு கேட்கிறார். “நல்லா வேகமா இருக்கறதா பாத்துப் போடு மச்சான்” என்கிறார். அமராவதிக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. அவளுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. பாட்டின் பெயரை நான் சொல்லவே இல்லையே, முதல் பத்தியிலேயே உங்கள் உதடு ஏதோ முணுமுணுத்ததே, அது எந்தப் பாட்டு? வேண்டாம், சொல்லாதீர்கள். தாராளமாகப் பாடுங்கள். கண்ணை மட்டும் மூடாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறது.