காகிதப்பூவுக்கு மீன் கழுவிய தண்ணீர்

இனிமேல் குடம் தூக்குவதில்லை என்று திருவேங்கடம் சபதம் எடுத்தது, வலைக்கொட்டகையே அவரைப் பார்த்துச் சிரித்த அன்றைக்குத்தான். அவர் அலைக்கு அஞ்சாத ஆள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோதுகூடப் பீடி நனையாமல் கரையேறியவர். அவரே சொல்வார். அப்படிப்பட்டவர் பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, வலை தைக்கிறவர்கள் முன்னால் தினமும் நடந்தால் எப்படி? எல்லாம் மனைவி லோகநாயகியின் மல்லிகைக்காக. வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் தெருமுனைக் குழாயில்தான்.

கோடையில் மல்லிகை கருகியது. திருவேங்கடம் சாவு வீட்டு முகத்தோடு மீஞ்சூருக்குப் போய்க் காகிதப்பூச் செடி வாங்கி வந்தார். கூடவே ஒரு நோஞ்சான் செடி இலவசம்.

“இது தண்ணியே கேக்காது லோகு. நட்டுட்டு மறந்துடலாம்.”

“பூக்குமா?”

“ஆடிக் கூழுக்குள்ள வாசலே தெரியாது, அவ்ளோ பூக்கும். பூத்தா நான் குடத்தத் தொடமாட்டேன்.”

“பூக்கலன்னா?”

“மீனும் நானே ஆயறேன்.”

அந்த வாயை அப்போதே தைத்திருக்கலாம். வலை ஊசி அவர் கையில்தான் இருந்தது.

நல்ல செடியை வாசலில் நட்டார். நோஞ்சானை லோகநாயகி கொல்லையில், உடைந்த ஐஸ் பெட்டியில் மணலைப் போட்டுச் செருகினாள். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் செடியைத் திருவேங்கடம் பார்த்துக்கொண்டே இருந்தார். மொட்டு வரவில்லை. மீன் ஆய்கிற கோலத்தில் தன்னைக் கொட்டகைக்காரர்கள் பார்ப்பதுபோல் கனவு வந்தது. அந்த நேரத்தில்தான், லோகநாயகி பக்கத்து வீட்டுச் சந்தியாவிடம் வேலியோரம் பேசியது காதில் விழுந்தது. கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

“எங்க நைனா வீட்ல செடிக்கெல்லாம் மீன் கழுவன தண்ணிதான். எப்டி வளரும்ன்ற! இவர்கிட்ட சொல்லிடாத.”

மறுநாள் திருவேங்கடம் மனைவி கையிலிருந்து மீன் கூடையைப் பிடுங்கினார்.

“நீ ஒக்காரு. இன்னிக்கு நான் ஆயறேன்.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“சும்மாத்தான்.”

அன்றிலிருந்து தினமும் இறால் உரித்தார், மடவைக்குச் செதில் தேய்த்தார். உப்புத் தண்ணீரில் கழுவினால் செடி கெட்டுவிடுமே என்று, கொட்டகையில் ஆள் சேருமுன் ஒரு குடம் நல்ல தண்ணீரும் கொண்டுவந்தார். கழுவியதைச் செடிக்கு ஊற்றினார். செடி கூரையைத் தொட்டது. இலை இலையாக விட்டது. ஆடுகள் வந்து ருசி பார்த்துப் பாராட்டின. பூ மட்டும் இல்லை.

அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. படகுக் கூட்டாளி மோகன்குமார் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

“இன்னா மாமா, கீரையா?”

லோகநாயகி கணவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். ஐஸ் பெட்டியில் நோஞ்சான் செடி, இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது.

“இதுக்கு இன்னா ஊத்தன?”

“ஒண்ணும் ஊத்தல. காயப்போட்டாத்தான் இது பூக்கும். ஊத்துனா எலையா வுடும். எங்க ஊரு ஸ்கூல் மதில் பூரா இதான்.”

“அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

“தண்ணியே கேக்காதுன்னு நீதான எனக்குச் சொன்ன?”

திருவேங்கடம் பூவைத் தொட்டுப் பார்த்தார். தன் பேச்சைத் தானே நம்பியிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனாலும் ஆம்பளை மூளை சும்மா இருக்குமா?

“இதுவும் நான் வாங்கியாந்த செடிதான். பூத்துடுச்சு. குடத்தத் தொடமாட்டேன்.”

“சரி, நீயே ஜெயிச்ச. செடிக்குக் குடம் வேணாம்.”

இவ்வளவு சுலபமா? அவர் மீசையைத் தடவுவதற்குள் மடவைக் கூடையும் அரிவாள்மணையும் முன்னால் வந்தன.

“விருந்தாளுங்க வந்துட்டாங்க. பந்தயத்துக்காக இல்ல. நீ ஆஞ்சா கொழம்பு ருசியே வேற. சந்தியாகூடச் சொல்றா.”

“சந்தியாவா சொல்லிச்சு?”

உட்கார்ந்துவிட்டார். ஒரு செதில் மிச்சமில்லாமல் ஆய்ந்து முடித்து, பெருமையாக நிமிர்ந்தார்.

“லோகு, கழுவ நல்ல தண்ணி?”

“அதான் தீந்துபோச்சு.”

வலைக்கொட்டகையில் மோகன்குமார் கேட்டான். “பந்தயம் இன்னாச்சு மாமா?”

“ஜெயிச்சுட்டேன்” என்றார் திருவேங்கடம், குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டே.