விதையைத் தோண்டிப் பார்ப்பவர்

உலகத்தில் தோட்டம் போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. நேற்று மாலை விதை ஊன்றிவிட்டு, இன்று காலை பல்கூடத் துலக்காமல் போய் அதைத் தோண்டிப் பார்க்கிற இனம். இதோ, வீட்டுக்குப் பின்னால் தொட்டிக்கு முன் குந்தியிருக்கிறாரே, அவரைப் பாருங்கள். சத்தம் போடாதீர்கள், வேலையில் இருக்கிறார்.

தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கும் அதிகாரி அவர். பெட்டியைத் திறந்து பார்க்காமல் எதையும் 'சரி' என்று சொல்லிப் பழக்கமில்லை. தக்காளி விதைக்கு மட்டும் சலுகை காட்டுவாரா? ஆள்காட்டி விரலால் மண்ணைக் கிளறி, விதையை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இப்படியும் அப்படியும் புரட்டி, பெருமூச்சு விட்டு, மறுபடி புதைத்து, பாவம் களைத்திருக்குமே என்று ஒரு வாளி தண்ணீரையும் ஊற்றுவார். தினம் இரண்டு வேளை. முளைக்குமா? நானாக இருந்தால் முளைத்திருக்க மாட்டேன்.

"என்னங்க, அதைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்களேன்" என்பார் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"உனக்கு இதெல்லாம் புரியாது. கண்காணிப்பு வேணும்."

விஷயம் தக்காளி அல்ல, மானம். ஒரு விருந்தில் மனைவியின் அண்ணன் தன் வீட்டுக் கத்தரிக்காயைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, நம்மவர் பொறுக்கமாட்டாமல், "நாங்க கடையில தக்காளியே வாங்குறதில்லை மச்சான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. மச்சான் விடுவாரா? "அப்படியா மாப்பிள்ளை! பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் வர்றேன். உங்க தக்காளியைத் தின்னுட்டுத்தான் கிளம்புவேன்" என்றார், நாலு பேர் முன்னால். லீவுக்கு நாலே மாதம்.

நாலாவது பாக்கெட் விதை முளைத்தது. காரணம், நம்மவர் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தால் தொட்டியில் இரண்டு முளைகள். ஒன்று நோஞ்சான், ஒன்று கொழுகொழு. தரம் பார்க்கத் தெரிந்தவர் அல்லவா? நோஞ்சானைக் களை என்று பிடுங்கி எறிந்தார். கொழுத்ததற்குக் குச்சி நட்டார், கயிறு கட்டினார், வெயிலுக்குப் பழைய குடையை விரித்தார், தொழிற்சாலையில் எல்லோருக்கும் கைபேசியில் படம் காட்டினார். இடுப்புயரம் வளர்ந்தும் பூவைக் காணோம். "இது லேட்டா காய்க்கிற உயர்ந்த ரகம்" என்றார்.

மச்சான் வந்தார். குடைக்குக் கீழே நின்ற செடியைச் சுற்றி வந்தார். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"தக்காளி வாசமே இல்லையே மாப்பிள்ளை. களைக்கா குடை பிடிச்சீங்க?"

மச்சான் சிரித்துக்கொண்டே கை கழுவக் குழாயடிக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற இடத்தில், மனைவி எப்போதோ வீசிய அழுகல் தக்காளியிலிருந்து ஒரு செடி முளைத்து, பழம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. மனைவிக்கு அது தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆகையால் சொல்லவில்லை.

நம்மவர் ஒரு விநாடிதான் திகைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுவா மச்சான்? வேணும்னே கவனிக்காம விட்டு வளர்த்தது. குடைக்குக் கீழ இருக்கிறது, சும்மா ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு."

மச்சான் நம்பவில்லை. ஆனாலும் ஒரு பழத்தைக் கடித்தார், நன்றாயிருந்தது, வாயை மூடிக்கொண்டார். மானம் தப்பிய குஷியில் நம்மவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வேர் எப்படி இறங்கியிருக்குன்னு ஒரே ஒரு தடவை பாத்துடறேன்" என்று கிளம்பினார். மனைவி ஓடிவந்து செடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"உங்களைக் கும்பிடுறேன், இதை மட்டும் நீங்க வளர்க்காதீங்க!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். 'நான் செடியே வைப்பதில்லை' என்று நழுவப் பார்க்காதீர்கள். உள்ளறையில் உங்கள் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. கதவை இன்றைக்கு எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள்?